எதிரி கேலரியில் எனக்கு ஓர் இடம்

ஜோகுபாளையம், பெங்களூர்
1957, ஆவணி, வெள்ளிக்கிழமை

மகாகனம் பொருந்திய மச்சான் ஜெயராமன் அவர்களின் சமூகத்துக்கு, தங்கள் தங்கை எல்லம்மாவின் புருஷன் பெருமாள்சாமி கைகூப்பி எழுதிக்கொண்டது. மாரியம்மன் காப்பாற்றுவதால் இவ்விடம் யாருக்கும் உடம்பில் குறையில்லை. எல்லம்மாவுக்கு மட்டும் என் மேல் கொஞ்சம் கோபம். அது வருஷம் பூராவும் இருப்பதுதான், அதற்கு வைத்தியம் கிடையாது. அவ்விடம் தாங்களும் அக்காவும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும், தாங்கள் சுரங்கத்தில் இறங்கும்போதும் ஏறும்போதும் தெய்வம் கூடவே வர வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறோம்.

நிற்க. ஒரு சின்ன உதவி கேட்டு இதை எழுதுகிறேன். வரும் ஞாயிற்றுக்கு அடுத்த ஞாயிறு எங்கள் ஜோகுபாளையம் டீமும் உங்கள் கோலார் தங்கவயல் சுரங்க டீமும் இங்கே ஃபைனலில் மோதுவது தங்களுக்குத் தெரிந்திருக்கும். உங்கள் ஆட்கள் ரயில் கொள்ளாமல் வருவார்கள். அவர்கள் உட்காரும் கேலரியில், அவர்கள் நடுவில், எனக்கு ஓர் இடம் வேண்டும். உங்கள் டீமின் சிவப்புத் துண்டு ஒன்றும் வேண்டும். உங்கள் டீம் ஜெயிக்க வேண்டும் என்று நான் தொண்டை கிழியக் கத்துவேன், இது சத்தியம். எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதாக நினைக்க வேண்டாம். நடந்ததை எல்லாம் சொல்லிவிடுகிறேன், பிறகு தாங்களே முடிவு செய்யுங்கள்.

எங்கள் டீமின் பழைய லட்சணம் தங்களுக்குத் தெரியாததல்ல. என் கல்யாணத்துக்கு வந்தபோது ஒரு ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, “இன்னா மாப்ள, இவங்களுக்குப் பந்து மேல எதுனா கோவமா?” என்று நீங்களே கேட்டீர்கள். கோபம்தான். காலுக்கு வந்த பந்தை எங்கள் ஆட்கள் முன்னால் அனுப்புவதற்காக உதைக்கவில்லை, எங்கேயாவது ஒழியட்டும் என்று உதைத்தார்கள். பந்து பாதி நேரம் ஆகாயத்தில் இருக்கும், மீதி நேரம் பக்கத்துத் தோட்டத்து முருங்கை மரத்தில் இருக்கும். கோல்கீப்பருக்குக் கண்ணெல்லாம் ஓரத்தில் வறுகடலை விற்பவர் மேல். இருந்தாலும் நான் ஒரு ஆட்டத்தைக்கூட விட்டதில்லை. மழையில் போனேன், ஜுரத்தில் போனேன், மில்லில் லீவு கொடுக்காதபோது செத்துப்போன பெரியப்பாவையே மறுபடி சாகடித்துவிட்டுப் போனேன். என் கல்யாணத்தன்று மட்டும்தான் போகவில்லை, ஏனென்றால் அன்று ஆட்டம் இல்லை.

இந்த வருஷம் எங்கள் மில் முதலாளி அந்த டீமைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். பதினோரு பேருக்கும் மாதச் சம்பளம், அவர்களுக்கு வேலை பந்து உதைப்பது மட்டும்தான். கல்கத்தாவில் ஆடிய ஒருவரைக் கோச்சாகக் கூட்டிவந்தார்கள். வெறுங்காலில் ஆடியவர்களுக்கெல்லாம் பூட்ஸ் மாட்டிவிட்டார்கள். முதல் வாரம் அந்தப் பூட்ஸோடு அவர்கள் நடந்ததைப் பார்க்க வேண்டுமே, புகுந்த வீட்டுக்கு வந்த புதுப்பெண் தோற்றாள். தறிக்குப் பக்கத்தில் நின்று காது செவிடாகிற எங்களுக்கெல்லாம் வயிற்றெரிச்சல். “கடவுளே, உதைக்கிறதுக்குச் சம்பளமா!” என்று பேசிக்கொண்டோம். இந்தப் பாவமெல்லாம் என் தலையில் வந்து விடிந்தது.

எப்படி என்றால், சீசனின் முதல் ஆட்டத்தன்று பொம்மனஹள்ளியில் என் சித்தப்பா மகன் புது வீட்டில் பால் காய்ச்சினான். எல்லம்மா என்னைக் கையைப் பிடிக்காத குறையாக இழுத்துப் போய்விட்டாள். அன்று எங்கள் டீம் ஜெயித்தது. அடுத்த ஆட்டத்துக்கு ஓடோடிப் போனேன், தோற்றது. அதற்கடுத்த ஆட்டத்தன்று எனக்கு உட்காருகிற இடத்தில் கட்டி வந்து வீட்டில் குப்புறப் படுத்திருந்தேன். ஜெயித்தது. அய்யாவு என்று எங்கள் தெருவில் ஒரு டெய்லர் இருக்கிறார். டீமுக்கு நீலக் கொடி தைப்பவர், கேலரியில் கத்துகிற கூட்டத்துக்கெல்லாம் தலைவர். அவர் வந்து என் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, துணி அளவெடுக்கிற மாதிரி என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தார். “பெருமாளு, தப்பா நெனைக்காதேபா. எதுக்கும் பூ போட்டுப் பாத்துடலாம்” என்றார்.

பெண் கொடுக்கலாமா, வீடு மாறலாமா என்றெல்லாம் மாரியம்மனிடம் நாம் பூ போட்டுக் கேட்போமே, அதே மாதிரி என் விஷயத்தைக் கேட்டார்கள். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாகப் பொட்டலம் கட்டி அம்மன் காலடியில் போட்டார்கள். வெள்ளை வந்தால் பெருமாள்சாமி ஆட்டத்துக்குப் போகலாம், சிவப்பு வந்தால் போகக் கூடாது. பூசாரி கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தார். சிவப்பு. இன்னொரு தரம் எடுக்கச் சொல்லி நான் கெஞ்சினேன். மறுபடியும் சிவப்பு. “அம்மன் உத்தரவு ஆயிடுச்சு. இதுக்கு மேல அப்பீல் கெடையாது” என்று சொல்லிவிட்டுப் பூசாரி மணியை அடித்துவிட்டார்.

அன்று முதல் நான் போகவில்லை, டீம் தோற்கவில்லை. தெருவில் எனக்கு வந்த மரியாதையைக் கேளுங்கள். ஆட்டத்தன்று காலையில் குழாயடியில் பெண்கள் எல்லாம், “அண்ணே, நீங்க இன்னிக்குப் போவலியே? போவாதீங்கண்ணே, நல்லா இருப்பீங்க” என்பார்கள். ஓட்டல்காரர் கூப்பிட்டு உட்கார வைத்துக் காப்பி கொடுப்பார். ஒன்றும் செய்யாமல் இருந்ததற்காக இவ்வளவு மரியாதை வாங்கியவன் மைசூர் ராஜ்யத்திலேயே நானாகத்தான் இருப்பேன். ஒருநாள் மனசு கேட்காமல் மைதானத்துச் சுவருக்கு வெளியே போய் நின்றேன். உள்ளே எங்கள் வலையில் ஒரு கோல் விழுந்துவிட்டது. அய்யாவு மோப்பம் பிடித்தது போல வெளியே ஓடிவந்து, “இந்தச் செவுரு ரொம்ப மெல்லிசுபா! ஜல்தி ஏரிக்கரைக்குப் போ!” என்று விரட்டிவிட்டார். அதிலிருந்து ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நான் அல்சூர் ஏரிக்கரையில் உட்கார்ந்திருப்பேன். அங்கிருந்து கூட்டத்தின் சத்தம் மட்டும் லேசாகக் கேட்கும். பழைய நாளில் எங்கள் ஆட்டத்துக்கு வருகிற சத்தம் சிரிப்பாக இருக்கும். இது வேறு சத்தம் மச்சான். கோயிலில் தீபாராதனை காட்டும்போது எழும்புமே, அந்த மாதிரி.

ஆட்டம் முடிந்து வருகிறவர்களை எல்லாம் மடக்கி, எப்படி ஆடினார்கள் என்று கேட்பேன். ஒருத்தனுக்கும் சொல்லத் தெரியவில்லை. அய்யாவுவைக் கேட்டால், “சொல்ல முடியாதுபா. பந்து தரையிலயே போவுது” என்றார். “தரையிலயா? நம்ம டீமா?” என்றேன். “அதான் சொல்றனே, சொல்ல முடியாதுன்னு” என்றார். இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? இத்தனை வருஷம் அவர்கள் தோற்றதைக் கண்ணால் பார்த்தேன், இப்போது ஜெயிப்பதைக் காதால் கேட்கிறேன். எல்லம்மா, “தோத்தப்பல்லாம் பாத்தது போதாதா?” என்கிறாள். தோற்றபோது கூட இருந்தவனுக்குத்தானே மச்சான், ஜெயிக்கும்போது பார்க்க வேண்டும் என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும்? இதை அவளிடம் சொன்னால் புரியாது. உங்களுக்குப் புரியும்.

செமி ஃபைனல் வந்தது. எதிரி மஞ்சள் சட்டை போட்ட ஒரு ஃபாக்டரி டீம், லேசுப்பட்டவர்கள் இல்லை. முந்தின நாள் அய்யாவு ஓட்டமாக வந்தார். “பெருமாளு, உன் ராசிய ஏரிக்கரையில உக்காத்தி வச்சு வேஸ்ட் பண்றமே! நீ யாருக்குக் கத்தறியோ அவங்கதானே தோக்கறாங்க? போய் மஞ்சாகாரன் கேலரியில உக்காரு. அவனுக்குக் கத்து” என்றார். ஆட்டத்தைப் பார்க்கலாம்! ஆனால் ஒரு நிபந்தனை, மனசாரக் கத்த வேண்டும், பொய்யாகக் கத்தினால் ராசி வேலை செய்யாது. கற்பூரத்தில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டு, மஞ்சள் துண்டு ஒன்றை அவரே தைத்துக் கழுத்தில் கட்டிவிட்டார். எனக்குப் பக்கத்தில் வைத்தீஸ்வரன் என்று அந்த ஃபாக்டரி ஆபீஸ் கிளார்க் ஒருவர் உட்கார்ந்திருந்தார். நெற்றியில் விபூதி, மடியில் ஃபிளாஸ்க், அவ்வளவு சாதுவான மனுஷர். என் துண்டைப் பார்த்து நகர்ந்து இடம் கொடுத்தார்.

ஆட்டம் ஆரம்பித்தது. மச்சான், நான் என்னத்தைச் சொல்வேன்! சிரில் என்று எங்கள் சென்டர் ஹாஃப், உங்களுக்கு ஞாபகம் இருக்கும், பந்து வந்தால் கண்ணை மூடிக்கொண்டு உதைப்பானே, அவன்தான். அவன் காலுக்குப் பந்து வந்தது. நிறுத்தினான். நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கிப் பார்த்தான். எங்கள் டீமில் ஒருவன் பந்தை வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்ததை நான் ஜென்மத்தில் முதல்முதலாகப் பார்த்தேன். இடதுபக்கம் மெதுவாகத் தள்ளினான், அங்கே எங்கள் ஆள் இருந்தான்! அவன் திருப்பிக் கொடுத்தான், வாங்க இன்னொருவன் முன்னாடியே போய் நின்றிருந்தான். இவனிடமிருந்து அவன், அவனிடமிருந்து இன்னொருவன், பந்து தரையை விட்டு எழும்பவே இல்லை, பந்திக்குப் பரிமாறுகிறவர்கள் கைக்குக் கை வாளி மாற்றுவது போல அவ்வளவு நிதானம். மஞ்சள் சட்டைக்காரர்கள் நடுவில் நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் சிரிலே உள்ளே ஓடி, உதைக்கக்கூட இல்லை, சும்மா தொட்டான். பந்து வலைக்குள் போய்ப் படுத்துக்கொண்டது.

இது நம் பிள்ளைகளா, இவ்வளவு அழகு இவர்களுக்குள் எங்கே இருந்தது, இத்தனை வருஷம் எங்கே ஒளித்து வைத்திருந்தார்கள் என்று நினைத்ததுதான் தாமதம், கண்ணில் பொலபொலவென்று கொட்டிவிட்டது. பூட்ஸைப் பார்த்துச் சிரித்தோமே, சம்பளத்தைப் பார்த்து வயிறு எரிந்தோமே என்று வேறு அழுகை. குலுங்கிக் குலுங்கி அழுகிறேன். வைத்தீஸ்வரன் பதறிப்போய், “ஐயையோ, இதுக்கெல்லாம் அழலாமா? ஒரு கோல்தானே வாங்கியிருக்கோம்? நம்ப பசங்க திருப்பிக் குடுத்துடுவா” என்று முதுகைத் தடவிக்கொடுத்தார். ஃபிளாஸ்க்கிலிருந்து காப்பி ஊற்றிக் கொடுத்தார். அவர் நம்பிக்கைக்குத் துரோகம் செய்கிறோமே என்று நினைத்ததில் இன்னும் கொஞ்சம் அழுதேன்.

பிறகுதான் வந்தது ஆபத்து. சிரில் இரண்டு பேரை ஏமாற்றி அப்படியே திரும்பினான் பாருங்கள், என்னை அறியாமல் எழுந்து நின்று “ஷாபாஷ் சிரில்!” என்று கத்திவிட்டேன். கேலரி முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. அந்தக் கணமே மஞ்சள் டீம் பந்தைப் பிடுங்கி, எங்கள் கோல் கம்பம் அதிர அடித்தது. ஒரு விரல் தள்ளிப் போயிருந்தால் கோல். என் மனசு நீலத்துக்குப் போனதும் ராசியும் கூடவே போய்விட்டதே என்று எனக்குக் குலை நடுங்கிவிட்டது. வைத்தீஸ்வரன் மட்டும் என் கையைப் பிடித்துக் குலுக்கி, “எதிராளி நன்னா ஆடினாலும் பாராட்டறேளே, இதுன்னா பெரிய மனசு!” என்றார். நான் மஞ்சள் துண்டை எடுத்துச் சுற்றிச் சுற்றி, மஞ்சள் டீமுக்காக அந்த ஃபாக்டரி மேனேஜர்கூடக் கத்தாத கத்து கத்தினேன். எங்கள் டீம் மேலும் இரண்டு கோல் போட்டது. ஒவ்வொன்றுக்கும் வைத்தீஸ்வரன் எனக்கு ஆறுதல் சொன்னார். போகும்போது, “உங்களை மாதிரி ஒரு ரசிகர் கெடைச்சும் நம்ப டீம் இப்படித் தோக்கறதே” என்று வருத்தப்பட்டுக்கொண்டே போனார்.

இதுதான் விஷயம். ஃபைனலுக்கும் நான் எதிரி கேலரியில்தான் உட்கார வேண்டும் என்று தெருவே சொல்லிவிட்டது. எதிரி என்றால் இந்தத் தரம் நீங்கள். மறைத்துச் செய்திருக்கலாம். பெண் கொடுத்த வீட்டாரிடம் மறைக்க எனக்கு மனசு வரவில்லை. உங்கள் டீம் பல கோப்பை பார்த்த டீம், ஒரு வருஷம் கோப்பை இல்லாமல் வீட்டுக்குப் போனால் குடி முழுகிவிடாது. எனக்கு அந்த ஆட்டத்தை இன்னொரு தரம் பார்க்க வேண்டும் மச்சான். சிரில் பந்தை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்ப்பதை ஒரே ஒரு தரம் பார்த்தால் போதும். அதற்காக உங்கள் டீம் வாழ்க என்று ஆயிரம் தரம் வேண்டுமானாலும் கத்துகிறேன். உங்கள் தங்கையையே என்னை நம்பிக் கொடுத்த நீங்கள், கேலரியில் ஓர் இடம் கொடுக்க மாட்டீர்களா?

அக்காவுக்கு என் நமஸ்காரம். பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம், எல்லாரும் நன்றாகப் படிக்க வேண்டும், நீளாயுசோடு இருக்க வேண்டும். உங்கள் டீமுக்கும் எல்லா மங்களமும் உண்டாகட்டும், ஃபைனலுக்கு மறுநாளிலிருந்து.

இங்ஙனம்,
தங்கள் பணிவுள்ள மாப்பிள்ளை,
பெருமாள்சாமி

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் உங்களோடு சுரங்கத்தில் வேலை செய்கிறவர் ஒருவர் வந்து, நீங்கள் சொல்லி அனுப்பியதைச் சொன்னார். உங்களுக்குத் திடீரென்று எங்கள் ஜோகுபாளையம் டீம் மேல் ஆசை வந்துவிட்டதாம், ஃபைனலுக்கு எங்கள் ஆட்கள் நடுவில் இடம் பிடித்து வைக்க வேண்டுமாம், நீலத் தொப்பியும் வேண்டுமாம். நான் அவரை உட்காரவைத்துத் துருவிக் கேட்டேன். அவர் சிரிப்பை அடக்க முடியாமல், “உங்க மச்சானை நாங்க இந்த வருசம் கிரவுண்டுக்குள்ளயே வுடலீங்க. அவரு வந்தா எங்க டீம் தோத்துடுதுங்க” என்று சொல்லிவிட்டார். எல்லம்மா சிரித்த சிரிப்பு இன்னும் நிற்கவில்லை. மச்சான், மேலே நான் எழுதியதை எல்லாம் மறந்துவிடுங்கள். புறப்பட்டு வாருங்கள். நான் அய்யாவுவிடம் மூச்சு விடமாட்டேன், நீங்களும் உங்கள் ஆட்களிடம் என்னைப் பற்றிச் சொல்லாதீர்கள். நான் உங்கள் கேலரியில் உட்கார்ந்து உங்களுக்குக் கத்துகிறேன், நீங்கள் எங்கள் கேலரியில் உட்கார்ந்து எங்களுக்குக் கத்துங்கள். ஜெயிக்கிறவன் ஜெயிக்கட்டும். நாம் இரண்டு பேரும் ஆட்டத்தைப் பார்த்துவிடுவோம்.