கூலிங்கிளாஸ் போட்ட நற்சான்று

நான் வரி ஏய்த்தவன். என் மாமியார் சொல்வதற்குள் நானே முந்திக்கொள்கிறேன். திருவொற்றியூரில் பழைய இரும்புக் கடை வைத்திருந்தேன். வரியைக் குறைக்க, வராத இரும்புக்கெல்லாம் வந்ததாகப் பில் வைத்தேன். (மூளை அப்போது அவ்வளவு வேகமாக வேலை செய்தது, போங்கள்.) குற்றவாளி என்று கோர்ட் சொல்லிவிட்டது. தண்டனை எவ்வளவு என்பதை நான்கு நாள் கழித்துச் சொல்வார்கள்.

மனைவி செல்விக்கு ஒன்பதாம் மாதம். பிரசவத்தின்போது நான் கூட இருக்க வேண்டும். சத்தியமாக அது ஒன்றுதான் என் கவலை.

"அபராதத்தோட விடச் சொல்லிக் கேப்போம்" என்றார் வக்கீல். "கஷ்டப்படுற குடும்பம்னு ஜட்ஜுக்குத் தெரியணும். ஏரியாவுல நாலு பேர்கிட்ட நல்லவன்னு எழுதி வாங்கிட்டு வாங்க."

விட்டேனா? செயின், மோதிரம் எல்லாம் கழற்றினேன். கிழிந்த சட்டை வீட்டில் இல்லை. நல்ல சட்டையின் காலரை அரத்தால் தேய்த்துக் கிழித்தேன்.

நற்சான்று வேலையைத் தோஸ்து பாபுவிடம் விட்டேன். அவன் ஃபிளெக்ஸ் பேனர் அடிப்பவன். எங்கள் பக்கம் காதுகுத்தானாலும் கண்ணீர் அஞ்சலியானாலும் வாசகம் அவனுடையதுதான். "பேஜாராவாத மாமு. ஜட்ஜு படிச்சிட்டு அய்துடுவாரு" என்றான்.

தண்டனை நாளன்று கோர்ட் வாசலில் கொண்டுவந்து கொடுத்தான். படித்தேன். எனக்கே கண் கலங்கிவிட்டது.

"படிச்சுப் பாத்தீங்களா?" என்றார் வக்கீல்.

"ரெண்டு வாட்டி சார். சும்மா அள்ளுது!"

ஜட்ஜ் அம்மா அதைச் சத்தமாகவே படித்தார். "வடசென்னையின் விடிவெள்ளி. ஆடி மாதம் ஆயிரம் பேருக்குக் கூழும் பிரியாணியும் போட்ட வள்ளல். ஏரியாவில் பிறக்கும் பிள்ளைக்கெல்லாம் தங்க மோதிரம் போட்ட தங்கம்." பக்கத்தில் நான், கலரில், கூலிங்கிளாஸ் போட்டுக் கைகூப்பியபடி. கீழே வரிசையாக இருபது பேர் படம்.

படத்தைப் பார்த்தார். என் காலரைப் பார்த்தார். "இது யாரு?"

"நான்தாம்மா."

"இவ்வளவு செலவுக்குப் பணம் ஏது?"

வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம். "கட்டாத வரிதாம்மா. நான் துன்னல, ஊருக்குத்தான் போட்டேன்" என்றேன், பெருமையாக. வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

ஆறு மாதம் கிடைத்தது.

செல்வி வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தாள். அழுவாள் என்று பார்த்தேன். "ஊர்ப்புள்ளைக்கெல்லாம் மோதிரம் போட்ட. உன் புள்ள பொறக்கசொல்ல நீ இல்ல. நல்லாக்கீதுயா" என்றாள். ஜட்ஜ் சொன்னதை விட அதுதான் சுருக்கென்று தைத்தது.

மகளைக் கம்பிக்கு அந்தப் பக்கம் காட்டினார்கள். வெளியே வந்து கையில் தூக்கும்போது அவளுக்கு ஐந்து மாதம். என்னைப் பார்த்து வீறிட்டு அழுதாள்.

இப்போது ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள். ஒவ்வொரு பிறந்தநாளன்றும் கேக் வெட்டும் முன், கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பாள்: "நைனா, வரி கட்டிட்டியா?" (எல்லாம் செல்வியின் பயிற்சி.) செல்போனில் ரசீதைக் காட்டினால்தான் வெட்டுவாள். தெருவே சிரிக்கும். போன தடவை ரசீதை உற்றுப் பார்த்துவிட்டு, "அப்போ இந்த வருசமும் நீ வூட்லதான் இருப்ப" என்று சொல்லி, கேக்கை என் மூஞ்சி முழுக்க அப்பினாள்.