மூன்றாம் தடவை கேட்காத பல்கலைக்கழகம்

முன்னொரு காலத்தில், அதாவது போன பனிக்காலத்தில், அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தின் வடகோடியில் மரியாதை மிகுந்த ஊர் ஒன்று இருந்தது. அங்கே யார் எதைக் கொடுத்தாலும் இரண்டு தடவை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மூன்றாம் தடவைதான் வாங்கிக்கொள்வார்கள். ஒரு வாய் காபிக்கும் அப்படித்தான்.

அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் டிராம்போன் என்னும் இழுகுழல் ஊதுவாத்தியம் கற்றுக்கொடுத்தவர் ஆர்டிஸ் லிண்ட்க்விஸ்ட். சனிக்கிழமைதோறும் தேவாலயத்தின் நிலவறையில் ஊர்க்காரர்களுக்கும் சொல்லிக்கொடுப்பார். அந்த வருஷம் அங்கே அறையைச் சூடாக்கும் கொதிகலன் செத்துப்போனது. ஊதினால் மூச்சே குழலுக்குள் உறைந்தது. அங்கே கற்றுக்கொண்டிருந்த, பனி வாரும் வண்டி ஓட்டும் ஆர்லோவோ, ஜனவரிக் கடைசியில் மகள் கல்யாணத்தில் ஒரு வால்ட்ஸ் நடன மெட்டு வாசித்தே தீருவதென்று இருந்தார். ஆகவே பல்கலைக்கழகத்தின் ஆதரவைத் திரட்டும் மாபெரும் பொறுப்பை ஆர்டிஸ் தம் தலையில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார்.

சமூக நல்லுறவுத் துணைத்தலைவர் ரோசெல்லி நியூ ஜெர்சியிலிருந்து புதிதாக வந்தவர். விஷயத்தைக் கேட்டதுமே இழுப்பறையிலிருந்து ஒரு சாவியை எடுத்து நீட்டினார்.

"நம்ம இசைக் கூடம் சனிக்கிழமை சும்மாதானே கெடக்கு? ஹீட்டரும் இருக்கு. எடுத்துக்குங்க."

ஆர்டிஸுக்குத் தூக்கிவாரிப்போட்டது. முதல் தடவையே கை நீட்ட அவர் என்ன நாகரிகம் தெரியாதவரா?

"ஐயையோ, உங்களுக்கு எதுக்கு சார் சிரமம்? நாங்க எப்படியோ சமாளிச்சுக்குவோம்."

"அப்படியா? ரொம்ப சந்தோஷம்!" சாவி இழுப்பறைக்குள் போனது.

ஆர்டிஸ் காத்திருந்தார். காபி ஆறியது. துணைத்தலைவர் ஏரியில் மீன் பிடிப்பதைப் பற்றிப் பேசினார்.

வாசலில் ஆர்லோ நின்றிருந்தார். "என்ன டீச்சர், குடுத்தாரா?"

"குடுத்தாரு. வேண்டாம்னுட்டேன்."

"பின்னே, உடனே வாங்கிக்க முடியுமா! ரெண்டாவது தடவை?"

"கேக்கவே இல்லையே."

"அட! வளர்த்தவங்க சொல்லிக்குடுக்கலபோல. பாவம்."

அடுத்த வாரம் சுற்றறிக்கை வந்தது. 'இடம் எதுவும் தேவைப்படாத, தற்சார்புள்ள சமூக இசைக்கல்வி'யைப் பல்கலைக்கழகம் முழுமனதுடன் ஆதரிப்பதாகத் தெரிவிக்கப்பட்டது. ஆதரவுக் குழு அமைந்தது. ஆதரவுச் சின்னம் வந்தது, ஆதரவு பனியனும் வந்தது. குழு சனிக்கிழமைகளில் கூடியது, கதகதப்பான அந்த இசைக் கூடத்திலேயே. ஆர்டிஸும் உறுப்பினர். ஒரு சுரம்கூட ஊதாமல் இவ்வளவு ஆதரவு திரட்டிவிட்டோமே என்று அவருக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது. பனியனை நீட்டியபோது வேண்டாம் என்றார். அதுவும் கிடைக்கவில்லை.

ஆர்லோ வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து ஊதிப் பழகினார். "குழலை முழுசா நீட்டினா கண்ணாடில இடிக்குது டீச்சர். கிட்டத்துல இருக்கிற சுரம் மட்டும் வாசிக்கிறேன். பாதி வால்ட்ஸாவது தேறும்."

கல்யாணத்துக்கு முந்தின வாரம் ஆதரவு விழா. மேடையில் ரோசெல்லி, "ஆர்லோ, ஒண்ணு வாசிக்கிறீங்களா?" என்றார்.

"ஐயோ, என் வாசிப்பை எவன் கேப்பான்!"

"அவர் முடிவை மதிப்போம்! பலமா ஒரு கைதட்டல்!"

இன்னும் இரண்டு தடவை கேட்டால் ஆர்லோ வாசிப்பார் என்று கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். முந்திக்கொண்டு கேட்பது அடக்கமில்லை என்பதும் தெரியும். ஆர்டிஸ் பக்கத்து நாற்காலிக்காரரைப் பார்த்தார். அவர் தம் பக்கத்து நாற்காலிக்காரரைப் பார்த்தார். அப்படியே பார்வை சுவர்வரை போய் நின்றது.

விழா முடிந்ததும் ரோசெல்லி சாவியை மறுபடி நீட்டினார். "இப்பவாவது வேணுமா ப்ரொபசர்?"

இரண்டாம் தடவை! இன்னும் ஒரே ஒரு தடவைதான்.

"வேண்டாம் சார்," என்றார், முகமெல்லாம் சிரிப்பாக.

சாவி கோட்டுப் பைக்குள் போனது.

வெளியே இருவர் காரும் பனியில் புதைந்து கிடந்தன. ஆர்லோ வண்டியை நிறுத்தி இறங்கினார். "வாரி விடட்டுமா சார்?"

ரோசெல்லி இதற்குள் ஊர்ப் பழக்கத்தைக் கற்றுக்கொண்டிருந்தார். "ஐயையோ, உங்களுக்கு எதுக்கு ஆர்லோ சிரமம்?"

"உங்களுக்கு டீச்சர்?"

"வேண்டாம் ஆர்லோ. நான் எப்படியோ சமாளிச்சுக்குவேன்."

ஆர்லோவும் இந்தச் சில மாதங்களில் பல்கலைக்கழகத்திடம் கொஞ்சம் கற்றுக்கொண்டிருந்தார். "உங்க முடிவை மதிக்கிறேன்," என்று சொல்லி, கையுறையோடு பலமாக ஒரு தடவை கைதட்டிவிட்டு வண்டியேறிப் போனார். தெருமுனை தாண்டும்வரை அவர் சீட்டியடித்த பாதி வால்ட்ஸ் கேட்டது.

திரும்பி வந்து இரண்டாம் தடவை கேட்பார் என்று இருவரும் நின்றார்கள். கால் மரத்ததும் முதலில் துணைத்தலைவர் வீட்டுக்கு நடந்தார். கடைசியாக ஆர்டிஸும் நடந்தார். மெதுவாகத்தான் நடந்தார், யாராவது கூப்பிட்டால் காதில் விழவேண்டுமே.