மாமியின் பாதி நேர்ச்சை

ஒரு பஸ் நிறைய ஆட்களை ஏற்றிக்கொண்டு புண்ணியம் தேடக் கிளம்புகிறவனுக்குப் புண்ணியம் கிடைக்குமோ என்னவோ, ரத்தக்கொதிப்பு நிச்சயம் கிடைக்கும். எனக்குக் கல்யாணமான முதல் தவக்காலத்திலேயே கிடைத்துவிட்டது.

கரமனையிலிருந்து எங்கள் சர்ச் பங்குக்காரர்கள் எல்லோருமாக, வெள்ளறடைப் பக்கம் உச்சியில் சிலுவை நிற்கும் குரிசுமலை ஏறப் புறப்பட்டோம். மைக் என் கையில். (யாரும் கொடுக்கவில்லை, நானே பிடுங்கிக்கொண்டேன். புது மாப்பிள்ளை மாமியார் முன்னால் கொஞ்சம் ஷோ காட்ட வேண்டாமா?) மாமி முன் சீட்டில் பெருமையாக உட்கார்ந்திருந்தார். அவர் வந்ததே என்னால்தான். மகளுக்கு நல்ல மாப்பிள்ளை கிடைத்தால் குரிசுமலை உச்சி வரை நடந்து ஏறுவதாக நேர்ந்திருந்தார். அந்த நல்ல மாப்பிள்ளை அடியேன்.

நெய்யாற்றின்கரையில் சாயாவுக்கு நிறுத்தினோம். குடித்து முடித்துக் கூட்டம் ஏறியதும் மைக்கில் கேட்டேன்: "எல்லாரும் ஏறியாச்சா?"

"ஆமென்!" பஸ்ஸே அதிர்ந்தது.

அங்கேதான் என் புத்தி புல் மேயப் போயிருந்தது. எங்கள் ஆட்கள் மைக்கில் எதைக் கேட்டாலும் ஆமென் சொல்லிவிடுவார்கள். பிறந்ததிலிருந்து அப்படியே பழக்கம். நானல்லவா ஒவ்வொரு சீட்டாகப் பார்த்திருக்க வேண்டும்? "ரைட், போலாம்" என்று சொல்லிவிட்டு ஜெபமாலையை ஆரம்பித்தேன்.

இரண்டாம் தேவரகசியத்தின், அதாவது இரண்டாவது பத்து மணிகளின், நடுவில் கண்ணைத் திறந்தேன். முன் சீட்டில் மாமியின் கைப்பை மட்டும் இருந்தது. போன் அதற்குள். சர்க்கரை மாத்திரையும் அதற்குள். மாமியைக் காணோம்.

என் மனைவி ஷைனி கடைசி வரிசையில் கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்தாள். ஜெபமாலையைப் பாதியில் நிறுத்தும் வழக்கம் எங்கள் பங்கில் கிடையாது. நிறுத்தினால் ஞாயிறு மறைக்கல்வி எடுக்கிற ரெஜினா டீச்சர் பார்க்கிற பார்வையிலேயே ஆள் பொசுங்கிவிடுவான். அதனால் வேகத்தைக் கூட்டினேன். 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் எக்ஸ்பிரஸ் மாதிரி ஓடியது. கூட்டமும் சளைக்காமல் பின்னாலேயே ஓடி வந்தது. ஒவ்வொரு மணியை உருட்டும்போதும் மாமி இன்னும் கொஞ்சம் தூரமாகிக்கொண்டிருந்தார். சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது. தாங்க முடியாமல் டிரைவர் பக்கம் குனிந்து கிசுகிசுத்தேன்.

"அண்ணே, வண்டியத் திருப்புங்க. மாமிய விட்டுட்டு வந்துட்டேன்."

மைக் ஆனில் இருந்தது.

"ஆமென்!" என்றது கூட்டம்.

(சத்தியமாகச் சொல்கிறேன், ரெஜினா டீச்சர் குரல்தான் எல்லோருக்கும் மேலே கேட்டது.)

அடுத்த நொடி ஷைனி சீட்டுகளைப் பிடித்துப் பிடித்து முன்னால் வந்தாள். "அம்மைக்கு சுகர் உண்டுல்லா! நேரத்துக்குத் திங்கலைன்னா தலைசுத்தி விழுந்திருவா. ஒரு ஆளப் பாத்து ஏத்தத் தெரியல, உங்களுக்கு மைக்கு ஒரு கேடு!"

"இவிடெ திருப்பான் பற்றில்ல சாரே, பாலம் கழியட்டே" என்று பாலம் வரை திருப்ப மறுத்துவிட்டார் டிரைவர். பாலம் தாண்டி, வண்டி திரும்பி, நெய்யாற்றின்கரை வந்து சேர்வதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. சாயாக்கடை பெஞ்ச் காலி.

"அந்த அம்மை மெழுகுதிரி வாங்கான் போயி வந்தப்போ உங்க வண்டி இல்ல. பின்ன குரிசுமலைக்குப் போற வேற வண்டியில கேறிப் போயல்லோ" என்றார் கடைக்காரர்.

"எந்த வண்டி?"

"அதொண்ணும் அறிஞ்சுகூடா." அவருக்கும் தெரியவில்லை.

வண்டியை மலையடிவாரத்துக்கு விரட்டினோம். மாமிக்கு ஏதாவது ஆகியிருந்தால் இனி எந்த முகத்தோடு வீட்டுக்குப் போவேன் என்று நினைத்து நினைத்து மணிகளை இறுக்கிப் பிடித்து உருட்டினேன். ஜெபமாலை அப்போதுதான் எனக்கு உண்மையாகவே வந்தது.

அடிவாரத்துக் கஞ்சிப் பந்தலில், யாரோ முன்பின் தெரியாத பங்குக்காரர்களுக்கு நடுவில், மாமி கஞ்சியும் பயறும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஷைனி ஓடிப்போய்க் கட்டிப்பிடித்து அழுதாள். நானும் அழுதேன். மாமி நிதானமாகக் கையைக் கழுவிவிட்டுப் பக்கத்துப் பெண்களிடம் என்னைக் காட்டினார்.

"நான் சொன்னேன்லா, நேர்ந்து கிட்டின மருமவன். இவருதான்."

அத்தனை பேரும் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள்.

சிலுவைப்பாதை ஆரம்பித்தது. உச்சி வரை நின்று நின்று ஜெபிக்கப் பதினான்கு ஸ்தலங்கள். மாமியின் பையை நான் தூக்கிக்கொண்டேன். ஏழாம் ஸ்தலத்தில் மாமி ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டார்.

"மாமி, தலை சுத்துதா? மாத்திரை தரட்டா?"

"எனக்கு ஒரு கேடும் இல்ல மக்களே. நல்ல மருமவனுக்குத்தான் நேர்ந்தேன். கிட்டினது பாதி. பாதி மலை போதும்."

வருஷங்கள் ஓடிவிட்டன. தவக்காலம் வந்தால் இன்றும் வீட்டில் இதே பஞ்சாயத்துதான்: மாமி இந்தத் தடவை எந்த ஸ்தலம் வரை? ஷைனியின் பிரசவத்தில் நான் ஆஸ்பத்திரியே கதி என்று கிடந்ததற்கு விறுவிறுவென்று ஏறினார். தன் பிறந்தநாளை நான் மறந்ததற்கு ஒரு ஸ்தலம் குறைத்தார். போன தவக்காலத்தில் பதினொன்றில் நின்றார். ஆண்டவரைச் சிலுவையில் அறைகிற ஸ்தலம்.

"இன்னும் கொஞ்சம்தானே மாமி, ஏறிரலாமே" என்று கெஞ்சினேன்.

மாமி குடும்பத்தைத் திரும்பிப் பார்த்தார். "இவருக்கு இந்த வருஷம் இது போதும், இல்லியா?"

"ஆமென்!" என்றார்கள். என் மகள் குரல்தான் எல்லோருக்கும் மேலே கேட்டது.