டெக்லனின் பதினாறு நிமிடங்கள்

"இல்ல டெக்லன், இன்னும் அவன்கிட்ட பேச்சே எடுக்கல. எடுத்தா வீடு ரெண்டாயிடும்."

மாடிக் கழிவறையில் உட்கார்ந்திருந்த டேரன் ஹோல்ராய்டு மூச்சை அடக்கிக்கொண்டான். ஹாலிஃபாக்ஸில் அவர்கள் தெருவில் எல்லாம் பழைய வீடுகள். அடுக்களையில் பேசுவது குழாய் வழியாக மாடிக்குத் தெளிவாகக் கேட்கும்.

கீழே அவன் மனைவி ஜெம்மா சிரித்தாள். "நீங்க சொன்னா சரி. பொறுமையா இருக்கேன். உங்ககிட்ட பேசின அன்னிக்குத்தான் எனக்குத் தூக்கமே வருது."

பேச்சு பதினாறு நிமிடம் நீண்டது. தன்னோடு அவள் சேர்ந்தாற்போல் பதினாறு நிமிடம் பேசியது எப்போது என்று டேரன் யோசித்தான். வெந்நீர் கொதிகலன் மாற்றிய வருடமாக இருக்கலாம்.

டெக்லன் ஆஸ்பத்திரி நர்ஸ். குடல் நோய்க்காரர்களுக்கென்றே இருப்பவன். ஜெம்மாவுக்கு ஒன்பது வருடமாகப் பெருங்குடல் அழற்சி. டாக்டரை வருடத்துக்கு ஒருமுறை பார்ப்பாள். மற்ற நாளெல்லாம் டெக்லன்தான். ஆலோசனை எண்ணில் செய்தி விட்டால் இரண்டு நாளுக்குள் அவனே கூப்பிடுவான். எந்த மாத்திரையைக் கூட்டுவது, எதைக் குறைப்பது, எத்தனை தடவை போனால் கவலைப்படுவது, எல்லாம் அவனுக்கு அத்துப்படி. அவனிடம் அவள் நிறம், அளவு எதையும் மறைப்பதில்லை. டேரன் முன்னால் ஒரு ஏப்பம்கூட விட்டதில்லை.

அதைத்தான் டேரனால் தாங்க முடியவில்லை. தான் கணவன், அவன் யாரோ. ஆனால் எல்லாம் தெரிந்தவன் அவன்.

இரவுச் சாப்பாட்டில் டேரன் தொண்டையைச் செருமினான்.

"எங்கிட்டயும் சொல்லலாம்ல."

"என்னத்த?"

"உன் வயித்தப் பத்தி."

ஜெம்மா முள்கரண்டியைக் கீழே வைத்தாள். "என் வயிறு நல்லாத்தான் இருக்கு. ஒரு வருஷமா ஒரு தொந்தரவும் இல்ல. உனக்கு எப்படி இருக்கு?"

"பேச்ச மாத்தாத."

சாப்பிடாமல் எழுந்து மாடிக்குப் போனான். உட்கார்ந்த ஐந்தாவது நிமிடம் கீழே அவள் ஆலோசனை எண்ணில் செய்தி விடும் குரல் கேட்டது. வயிறு நன்றாக இருக்கிறதாம். அப்புறம் எதற்கு?

நான்கு மாதமாக இப்படித்தான். அவன் கழிவறைக்குப் போனால் அவள் ஃபோனை எடுப்பாள். அவள் ஃபோனை எடுப்பாள் என்று அவன் கழிவறைக்குப் போவான். பொறாமை ஆளை உருக்குமென்று கேள்விப்பட்டிருந்தான். உண்மைதான். கால்சட்டை இடுப்பில் நிற்கவில்லை.

பேருந்து நேர அட்டவணை அலுவலகத்தில் பக்கத்து மேசை கெவினிடம் சொன்னான்.

"நேர்ல போய் மூஞ்சியப் பாருடா," என்றான் கெவின். "குரல் நல்லாருக்கறவன்ல பாதிப்பேரு வழுக்கை."

ஆறு மாதத்துக்கு ஒருமுறை நடக்கும் பரிசோதனைக்கு டேரன் முதன்முறையாக ஜெம்மாவோடு போனான். டெக்லனுக்கு வழுக்கை இல்லை. ஆறடி உயரம். முழங்கைவரை மடித்த சட்டை.

"நீங்கதானா டேரன்," என்று எழுந்து கைகொடுத்தான். கையை விடாமல் தலையிலிருந்து கால்வரை பார்த்தான். "உங்களைப் பத்தி நிறையக் கேள்விப்பட்டிருக்கேன். உக்காருங்க. களைப்பாத் தெரியறீங்களே."

"நான் நல்லாத்தான் இருக்கேன்."

"சரி. எப்ப வேணா பேசலாம். என் நம்பர் ஜெம்மாகிட்ட இருக்கு."

"அது எனக்கு நல்லாத் தெரியும்," என்றான் டேரன்.

ஜெம்மாவும் டெக்லனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். டேரன் அந்தப் பார்வையை வீட்டுக்குக் கொண்டுபோய் மூன்று நாள் மென்றான்.

நான்காம் நாள் ஒரு யோசனை வந்தது. டெக்லன் எல்லோரிடமும் இப்படித்தான் குழைகிறானா, ஜெம்மாவிடம் மட்டுமா? கண்டுபிடிக்க ஒரே வழி, தானும் நோயாளியாகக் கூப்பிடுவது. அலுவலக ஃபோனில் கெவினின் பெயரைச் சொல்லிச் செய்தி விட்டான்.

மறுநாள் காலை பதினொன்றுக்கு ஃபோன் வந்தது. மேசையைச் சுற்றிலும் ஆட்கள்.

"கெவினா? நான் டெக்லன். ஒரு நாளைக்கு எத்தனை தடவை போறீங்க?"

டேரன் அதை யோசித்து வைக்கவில்லை. பொய் சொல்ல அவனுக்கு வராது. உள்ளதையே சொன்னான். "எட்டு," என்று ஃபோனுக்குள் முணுமுணுத்தான்.

"ராத்திரியிலயும் எழுந்திருக்கறீங்களா?"

"ரெண்டு."

"ரத்தம்?"

"கொஞ்சமா. சிவப்பா."

"எட்டாம் நம்பர் வண்டியா?" என்றான் கெவின் பக்கத்திலிருந்து. "அது சிவப்பு இல்ல, பச்சை."

டேரன் ஃபோனோடு மேசைக்கடியில் போய்விட்டான். டெக்லன் சிரிக்கவில்லை. அவசரப்படுத்தவில்லை. அடுத்து என்ன, அப்புறம் என்ன என்று கேட்டுக்கொண்டே போனான். "இத்தனை நாள் தனியாத் தூக்கிட்டு அலைஞ்சிருக்கீங்க. கஷ்டம்தான்," என்றான். டேரன் மேசைக்கடியிலேயே தலையாட்டினான்.

வைக்கும்போது இருபத்திரண்டு நிமிடம்.

ஜெம்மாவுக்குப் பதினாறுதான். டேரனுக்கு மார்பு நிமிர்ந்தது. உடனே இன்னொரு கவலை வந்தது. வேறு யாருக்காவது முப்பது நிமிடம் பேசுகிறானோ?

அந்த இருபத்திரண்டு நிமிடத்துக்கும் விலை இருந்தது. டெக்லன் மலப் பரிசோதனைக்கு ஒரு சின்னப் புட்டி தரச் சொல்லியிருந்தான். வியாழக்கிழமை நேரில் வரவும் சொல்லியிருந்தான். போகாவிட்டால் அலுவலகத்துக்கே திரும்ப ஃபோன் வந்து மாட்டிக்கொள்வான். போனாலும் மாட்டிக்கொள்வான். ஆனால் போகாவிட்டால் டெக்லன் வருத்தப்படுவான்.

புதன்கிழமை மாலை நிரப்பிய புட்டியை இரண்டு பையில் சுற்றி, குளிர்பெட்டியில் மர்மலேடு ஜாம் ஜாடிக்குப் பின்னால் ஒளித்தான். ஒரு மணி நேரம் கழித்து ஜெம்மா மர்மலேடு எடுக்கப் போனாள். குளிர்பெட்டிக் கதவு வெகுநேரம் திறந்திருந்தது.

டேரன் ஒரு பொய்யைத் தயார் செய்வதற்குள் அவள் வந்தாள். அவன் நெற்றியில் முத்தமிட்டாள். அவள் கண் ஈரமாக இருந்தது.

குற்ற உணர்ச்சி, என்று டேரன் முடிவு செய்தான். நாளைக்கு அந்த டெக்லனிடம் நேருக்கு நேர் கேட்டுவிட வேண்டும். யாரோடு என்று. ஜெம்மாவோடா, தன்னோடா என்று.

வியாழக்கிழமை காலை அலுவலகத்துக்குப் போவதாகச் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனான். முன்மேசையில் மிஸஸ் ஆட்கின் இருந்தாள். அறுபது வயது, கண்ணாடி கயிற்றில் தொங்கியது.

"பேரு, கண்ணு?"

"கெவின்."

"கெவினா?" பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். "டெக்லன்கிட்ட இன்னிக்கு கெவின்னு யாரும் இல்லையே."

"ஃபோன்ல பேசினேனே. இருபத்திரண்டு நிமிஷம்."

மிஸஸ் ஆட்கின் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவனையும், இடுப்பில் அவன் பிடித்துக்கொண்டிருந்த கால்சட்டையையும், கையிலிருந்த பையையும் பார்த்தாள். பிறகு புட்டியை வாங்கி, ஏற்கெனவே ஹோல்ராய்டு என்று அச்சடித்து வைத்திருந்த சீட்டை அதன்மேல் ஒட்டினாள்.

"டேரன் கண்ணு, ஃபோன்ல உன் குரலக் கேட்டதுமே டெக்லனுக்குத் தெரிஞ்சிடுச்சு, நாலு மாசமா உன் பொண்டாட்டி இங்க ஃபோன் பண்ணி அழுததெல்லாம் உன் வயித்தப் பத்தித்தான், நீ உள்ள போ, நான் கீழ போய் நீயே வந்துட்டன்னு சொல்லிட்டு வரேன், அந்தப் பொண்ணு உனக்கு முன்னாடியே வந்து கார்லயே உக்காந்திருக்கு."