மேட்டுக்காட்டுப் புதையல் மிஷின்

தம்பி பெரிய மூளைக்காரன் என்று உங்கள் அக்கா நாலு பேரிடம் சொல்லி வைத்திருந்தால், தயவுசெய்து அந்த நாலு பேர் இருக்கும் பக்கம் போகாதீர்கள். நான் போனேன். ஒரு மிஷினையும் தூக்கிக்கொண்டு போனேன்.

அமராவதி அணை அப்போது பாதிதான் எழும்பியிருந்தது. நான் கோயமுத்தூரில் ஒரு ரேடியோ ரிப்பேர் கடையில் வேலை பார்த்தேன். (ரேடியோவைப் பிரித்துவிடுவேன். திரும்பப் பூட்டுவது முதலாளி.) உக்கடத்துப் பழைய இரும்புக் கடையில், பட்டாளத்தார் கழித்துப் போட்ட கருவி ஒன்று என் கண்ணில் பட்டது. யுத்தத்தில் கண்ணிவெடி தேடியது. நீளமான கம்பு, அதன் நுனியில் தட்டு, காதில் மாட்ட ஹெட்போன், முதுகில் சுமக்க ஒரு பாட்டரிப் பெட்டி. மண்ணுக்குள் உலோகம் இருந்தால் காதுக்குள் 'ஙொய்' என்று கத்தும். ஒரு மாதம் மல்லுக்கட்டி அதைக் கத்த வைத்துவிட்டேன்.

அந்தச் சமயம் பார்த்து உடுமலைப் பக்கம் புயல் மழை. சரசு அக்காவைக் கட்டிக் கொடுத்த ஊரில், ஓடை அறுத்துப் போட்ட மண்ணில் யாருக்கோ ராஜா தலை போட்ட ரோமாபுரிக் காசு கிடைத்ததாம். எனக்குத் தூக்கம் போய்விட்டது. அந்தக் காலத்து வியாபாரிகள் மிளகு வாங்க வந்த வழியில் தங்கத்தை எனக்காகவே புதைத்துவிட்டுப் போனதாக முடிவு செய்து, பஸ் ஏறினேன்.

"என்னடா இது?" என்றாள் அக்கா.

"பூமிக்குள்ள இருக்கறதக் கண்டுபுடிக்கற மிஷின்கா" என்றேன் மிதப்பாக.

இந்த இடத்தில்தான் சனியன் பிடித்தது. அக்காவின் வீடு அவர்களுடைய மேட்டுக்காட்டில், மானாவாரி நிலத்துக்கு நடுவில் இருந்தது. பாறை பூமி. இருந்த ஒரே கிணறும் உப்பு. குடிக்கிற தண்ணீருக்கு அக்கா தினமும் மேடு இறங்கி, ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டி, தலையில் துணியைச் சும்மாடாகச் சுற்றி, அதன் மேல் குடத்தை வைத்துக்கொண்டு ஏறி வர வேண்டும். அப்படிப்பட்ட ஊரில் பூமிக்குள் தேட வேண்டிய பொருள் ஒன்றே ஒன்றுதான் என்பது என் மண்டையில் உறைக்கவே இல்லை. அக்கா ஓடிப்போய் மாமனாரிடம் சொல்லிவிட்டாள்.

மாமனார் பழைய காலத்து மனிதர். கிணறு வெட்டும் முன் தண்ணீர் என்று வாய்விட்டுச் சொன்னால் ஊற்று ஓடிப் போய்விடும் என்று நம்புகிறவர். நானோ புதையல் என்ற சொல்லை வாயிலேயே எடுப்பதில்லை. சர்க்காருக்குத் தெரிந்தால் பிடுங்கிக்கொள்வார்களே! ஆக, இரண்டு பேருக்கும் அதன் பெயர் 'அது'.

மறுநாள் காலையில் காட்டில் மிஷினை வீசிக்கொண்டு போனேன். ஓடைக்கு மேல் ஓர் இடத்தில் காது கிழியக் கத்தியது.

"ஏனுங்க தம்பி, அது இருக்குதுங்களா?" என்றார் மாமனார் மெல்ல.

"இருக்குதுங்க மாமா!"

"நெறயங்களா?"

"இந்தச் சத்தத்துக்கு ஏராளமா இருக்குமுங்க."

பெரியவருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். என்ன இருந்தாலும் அவர் காடு; அக்காவை மறந்துவிடக் கூடாதே என்று, "கெடச்சா அக்காவுக்கும் கொஞ்சம் குடுப்பீங்கள்ல?" என்று கேட்டு வைத்தேன்.

"என்னங்க இப்படிக் கேட்டுப்போட்டீங்க! மொதக் கொடமே அம்மணிக்குத்தானுங்க."

குடமா! நான் கைப்பிடி அளவுதான் நினைத்திருந்தேன். குடம் குடமாக அள்ளப் போகிறோம் என்றதும் முதலாளியிடம் எப்படி வேலையை விடுவது என்று மனசுக்குள் வசனம் எழுத ஆரம்பித்தேன்.

மஞ்சள் பிள்ளையார் பிடித்து, கற்பூரம் காட்டி, கடப்பாரையைப் போட்டார்கள். (புதையலுக்கு இவ்வளவு மரியாதை செய்கிறார்களே என்று மெச்சிக்கொண்டேன்.) ஒரு சாண் ஆழத்திலேயே இரும்புத் துண்டு ஒன்று வந்தது. லாடம். பாய்ந்து எடுத்துத் துடைத்தேன்.

"ரோமாபுரிக் குதிரையோடதுங்க மாமா!"

"நம்ம காரி எருதோடதுங்க தம்பி. போன ஆடியில உழுகறப்பக் கழண்டு போச்சு" என்று அதை வாங்கி ஓரமாகப் போட்டார்.

அப்புறம் மிஷினைக் குழிக்குள் விட்டுப் பார்த்தேன். கப்சிப். அந்த நிமிஷமே கையெடுத்துக் கும்பிட்டிருந்தால் தப்பித்திருப்பேன். ஆசை விட்டால்தானே! "அது இன்னும் கீழ இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டேன். பாவிகள், நம்பி வெட்டினார்கள். நாள்கணக்கில் வெட்டினார்கள். அக்கா ஆட்களுக்குக் கம்பங்கூழ் கரைத்துக் கொண்டுவந்து, என்னைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தாள். கடைசியில் கடப்பாரை 'ணங்' என்று பாறையில் நின்றது.

மாமனார் குழி விளிம்பில் உட்கார்ந்து கேட்டார்: "பாறைக்கு அடியில அது எந்தப் பக்கமாங்க ஓடுது?"

"அது எப்படிங்க மாமா ஓடும்? பானைக்குள்ள அப்படியே உக்காந்திருக்குமுங்க."

"பானைக்குள்ளீங்களா?"

"ஆமாங்க. மூடி போட்டு."

கடப்பாரைக்காரர் கடப்பாரையைக் கீழே வைத்தார். பெரியவர் என்னையும் மிஷினையும் மாறி மாறிப் பார்த்தார். "தம்பி, இந்த மிஷின் என்னத்தப் பாக்குதுங்க?" என்றார்.

"காசுங்க" என்றேன். அப்போதுதான் எனக்கே விளங்கியது.

கூழ்ச் சட்டியோடு பின்னால் நின்றிருந்த அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "நேத்துத்தான்டா சும்மாட்டத் தூக்கிக் குப்பையில போட்டேன். இனி எதுக்கு அதுன்னு" என்றாள். எனக்குச் செத்துப்போகலாம் போல இருந்தது. வெட்கமே இல்லாமல் அழுதுவிட்டேன்.

மாமனார் ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. சம்பந்தி வீட்டுப் பையனைச் சொல்வாரா? தோளில் கை வைத்து, "ஏனுங்க தம்பி, மிஷின் ரொம்பக் கனமுங்களா?" என்றார்.

"இல்லீங்க மாமா, லேசுதானுங்க."

"அப்பக் கொடமும் தூக்கிருவீங்க" என்று, உள்ளே போய்ப் பித்தளைக் குடத்தைக் கொண்டுவந்து இரண்டு கையாலும் மரியாதையாக நீட்டினார்.

கோயமுத்தூர்க் கடைக்கு அம்மை போட்டிருப்பதாகக் கார்டு எழுதிப் போட்டுவிட்டு, மாதக் கடைசி வரை அந்த மேட்டில் தண்ணீர் சுமந்தேன். ஆற்றிலிருந்த பெண்கள் என்னைப் பார்த்ததும் முந்தானையை வாயில் அடைத்துக்கொள்வார்கள். சும்மாடு சுற்றத் தெரியாமல் முதல் நாள் பாதித் தண்ணீர் என் சட்டையில்தான் வந்து சேர்ந்தது. விஷயம் தெரியாத பக்கத்துக் காட்டுக்காரர் ஒருவர், "என்னங்க, மிஷின் வெச்சதுல தண்ணி வந்துதுங்களா?" என்று விசாரித்தார்.

"வந்துட்டே இருக்குதுங்க" என்றார் மாமனார், என் பக்கம் கையைக் காட்டி. "அதா பாருங்க, மேடேறி வருது."

அடுத்த கோடையில் வேறு இடத்தில் வெட்டி நல்ல தண்ணீர் கண்டார்கள். வெட்டி முடித்து, படியும் கட்டின பிறகுதான் எனக்குச் சொல்லி அனுப்பினார்கள். ஜாக்கிரதைதான்!

எனக்கு இப்போது பேரன் பேத்தி எடுத்தாகிவிட்டது. ஆனாலும் அக்கா வீட்டில் கல்யாணமோ காதுகுத்தோ, பந்தியில் தண்ணீர் ஊற்றுகிற ஜக்கு என் கைக்குத்தான் வரும். சின்னப் பிள்ளைகள் காரணம் தெரியாமல், தாத்தாவுக்கு எவ்வளவு சேவை மனப்பான்மை என்று மெச்சுகின்றன. நானும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அக்காதான் விட மாட்டேன் என்கிறாள். நான் வரிசையைத் தாண்டிப் போகும் வரை காத்திருந்து, நிறைந்திருக்கிற தன் தம்ளரை ஒரே மூச்சில் காலி செய்துவிட்டு, "கண்ணு, இங்க வாடா" என்று கூப்பிடுகிறாள்.