பத்துச் சுற்று ஒப்பந்தம்

ஓய்வு தொழிலாளியின் பிறப்புரிமை. இந்த முடிவுக்கு நான் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கையில் காலித் தண்ணீர்க் கேனோடு நின்றபோது.

கந்தப்பளையில் வெயிலா என்று கொழும்புக்காரர்கள் சிரிப்பார்கள். இந்தச் சித்திரையில் வந்து பார்க்கட்டும். கம்பளிச் சட்டைகள் பெட்டியை விட்டு வெளியே வரவில்லை. தோட்டத்து லய வீடுகளின் நாய்கள் வடிகால் கானுக்குள் படுத்துவிட்டன. குழாயும் படுத்துவிட்டது. டவுன் முனையில் இருக்கும் பீலியில் மட்டும்தான் மலைத் தண்ணீர் கொட்டுகிறது. அங்கிருந்து வீட்டுக்கு அரை மைல். முழுக்க ஏற்றம்.

யார் தூக்குவது? நானா? நாற்பது வருடம் சங்கம் நடத்தித் தோட்டத் துரைமாரை நடுங்கவைத்தவன். பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு சரி. மற்றதெல்லாம் துண்டுப்பிரசுரத்தில் படித்தவன். தோட்டம் கேட்கும் கிலோவுக்குத் தேயிலைக் கொழுந்து குறைந்தால் அன்றைக்கு அரைப் பேர்தான் போடுவார்கள். நாள் முழுக்க மலையில் நின்றவளுக்குப் பாதி நாள் கூலி. அந்த அரைப் பேரை எதிர்த்துத் தொண்டை கிழியக் கத்தியவன் நான். என்னோடு கத்தியவர்களெல்லாம் இன்று குளிரூட்டிய வாகனத்தில் போகிறார்கள். எனக்கு மிஞ்சியது கட்டிலுக்கடியில் நானூறு துண்டுப்பிரசுரமும் ஒரு பழைய சைக்கிளும்.

மலைநாட்டில் சைக்கிள் ஒரு விசித்திரமான வாகனம். ஏற்றத்தில் நாம் அதைத் தள்ளவேண்டும். இறக்கத்தில் அது நம்மைக் கடத்திக்கொண்டு போகும்.

கேனைக் கீழே வைத்தேன்.

"லெச்சுமி! இன்னைக்கு நான் சைக்கிள்ல டவுனச் சுத்தப் போறேன். சும்மா. ஆற அமர."

நாகலெட்சுமி என் மனைவி. முப்பத்தைந்து வருடம் கொழுந்து பறித்தவள். கிழங்கு உரித்துக்கொண்டிருந்தவள் தலை நிமிரவில்லை.

"இந்த வெயில்லயா?"

"வெயிலுக்குத்தான். காத்து வாங்க."

"தண்ணி?"

"அது வேற கோரிக்கை. ரெண்டையும் கலக்காத."

"சரி, ஒரு சுத்து போயிட்டு வாங்க."

ஒரு சுற்றா! என் இரத்தம் கொதித்தது. நிர்வாகம் முதலில் நீட்டுவதை வாங்கிக்கொள்பவன் தொழிற்சங்கவாதியா?

"பத்து!"

"ரெண்டு."

"பத்து! ஒண்ணு கொறஞ்சாலும் ஏத்துக்க மாட்டேன்!"

"நாலு வச்சுக்கங்களேன். ஒடம்புக்கு ஆகாதுங்க."

"போராட்டத்துல காச்சுன ஒடம்பு இது!"

பக்கத்து வீட்டு வீரம்மா எட்டிப் பார்த்தாள். "என்னக்கா, மேதினமா?"

"தலைவருக்குப் பத்துச் சுத்து வேணுமாம்டி."

"பாவம், கெஞ்சுறாருல்ல. குடுத்துருங்கக்கா."

"கெஞ்சல! கோருறேன்!" என்றேன்.

நாகலெட்சுமி நீண்ட பெருமூச்சு விட்டாள். "நீங்களே ஜெயிச்சீங்க. பத்து. ஆனா அப்புறம் யாரும் பேச்சு மாறக்கூடாது. எழுத்துல போட்டுருவோம்."

எழுத்தில்! நாற்பது வருடத்தில் எந்த நிர்வாகமும் எனக்கு இத்தனை சீக்கிரம் பணிந்ததில்லை. அவள் கட்டிலுக்கடியிலிருந்து ஒரு தாளை உருவி எழுதத் தொடங்கினாள். நான் கண்ணாடி முன்னால் நின்று தொப்பியைச் சரித்து வைத்தேன். கறுப்புக் கண்ணாடியை மாட்டினேன். அவள் இன்னும் எழுதிக்கொண்டிருந்தாள். எழுதட்டும். தோற்றவர்களுக்கு விவரம் அதிகம் வேண்டியிருக்கும்.

பொதுச் செயலாளராக இருந்த காலத்துக் கையெழுத்தை, வாலோடு போட்டேன். வீரம்மா சாட்சி.

வாசலுக்கு வந்தேன். சைக்கிள் கேரியரின் இரண்டு பக்கமும் இரண்டு கேன்கள் தொங்கின.

"இது என்ன?"

"மூணாவது பிரிவுங்க." தாளை நிமிர்த்தி வாசித்தாள். "ஒரு சுற்று என்பது, வீட்டிலிருந்து புறப்பட்டு, டவுனைச் சுற்றி, பீலியில் இரண்டு கேன் நிரப்பி, வீட்டில் கொண்டுவந்து இறக்குவது."

"இத நான் ஒத்துக்கவே இல்ல!"

"கையெழுத்து இருக்கே. வாலோட."

தாளைப் பிடுங்கினேன். மறுபக்கம் திருப்பினேன். என் சொந்தப் பிரசுரம். கொட்டை எழுத்தில்: 'தோழா! படிக்காமல் கையொப்பமிடாதே!'

முதல் இறக்கம் சொர்க்கம், மறுக்கமாட்டேன். காற்று, தேயிலை வாசம், தொப்பி பறக்காமல் ஒரு கை. யாரையும் முதலாளி என்று கூப்பிடுவதில்லை என்பது என் கொள்கை. ஆகவே கடைக்கார ஸுஹைர் எனக்கு நானா, அதாவது அண்ணன்.

"என்ன தலைவரே, உலாத்தலா?"

"ஆமா நானா. ஆற அமர."

பீலிக்குப் பிறகு சொர்க்கம் முடிந்தது. நிரம்பிய கேனோடு சைக்கிள் எருமையாகிவிட்டது. தள்ளினேன். கறுப்புக் கண்ணாடி வியர்வையில் வழுக்கி வாய்க்கு வந்தது. சீசனுக்கு வந்த வெள்ளைக்காரத் தம்பதி வாகனத்தை நிறுத்தி இறங்கி என்னைப் படம் பிடித்தார்கள்.

நாலாவது சுற்றில் ஸுஹைர் நானா, "இன்னும் உலாத்தலா?" என்றார். ஆறாவது சுற்றில் எழுந்து நின்றுகொண்டார், சவ ஊர்வலத்துக்கு நிற்பது போல.

லயத்திலோ கூட்டம் கூடிவிட்டது. ஒவ்வொரு முறை நான் வரும்போதும் கைதட்டல். "தலைவர் வாழ்க!" என்று வீரம்மா கோஷம் போட்டாள். என் கூட்டங்கள் எதற்கும் இத்தனை பேர் வந்ததில்லை. நாகலெட்சுமி கதவில் கரித்துண்டால் கோடு கிழித்தாள். எந்தக் கணக்கப்பிள்ளையும் அவ்வளவு நேராகக் கிழிக்கமாட்டான்.

எட்டாவது சுற்றோடு வாசலில் சரிந்தேன். மணி மூன்று. தட்டு வந்தது. பாதித் தட்டில் சோறு. மறுபாதியில் என் முகம் தெரிந்தது.

"மிச்சம்?"

"இருபது கேன் எறக்கணும். நீங்க எறக்குனது பதினாறு. அதனால அரைப் பேருதாங்க."

"லெச்சுமி! அரைப் பேர எதுத்து நாப்பது வருஷம் கத்துனவன் நான்!"

"தெரியுமே. நீங்க கத்திக்கிட்டிருந்த நாப்பது வருஷமும் தண்ணி தூக்குனது நாந்தானே."

மனதுக்குள் நானூறு பிரசுரத்தையும் புரட்டிப் பார்த்தேன். பிறகு கடைசி ஆயுதத்தை எடுத்தேன்.

"நாளையிலருந்து காலவரையற்ற வேலைநிறுத்தம்!"

"தாராளமா செய்யுங்க," என்றாள். "அடுப்பும் ஒங்க பக்கந்தான். அதுவும் சேந்து நிறுத்தும்."

மறுநாள் காலை ஐந்தரைக்குச் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தேன். இன்னும் நாலு கேன் இருந்தது.