நிர்வாகி சோபாவில் இருக்கிறார்

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதுவது. ஆண்டவன் புண்ணியத்தில் நாங்கள் நலம், கம்ப்யூட்டர்தான் நலமில்லை. கணக்கு சுத்தமாக இருக்க வேண்டுமென்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சம்பவத்தின்போது கூடத்தில் இருந்தவர்கள் நான், உன் அத்தான், என் மகள், அலமாரியில் சாமி. ஆகவே பழியை வெளியாள் மேல் போட வழியில்லை.

அத்தான் ஆபீஸின் கம்ப்யூட்டர், போன் அத்தனையையும் வீட்டிலிருந்தே மேய்க்கிற மென்பொருள் உங்கள் கம்பெனி செய்ததுதானே? அதில் ஓட்டையாம். எவனாவது அதன் வழியே நுழைந்தால் எல்லா மெஷினுக்கும் அவனே எஜமானாம். அடைக்கிற மருந்தையும் நீங்களே அனுப்பியிருக்கிறீர்கள், சந்தோஷம். திங்கட்கிழமைக்குள் ஆபீஸ் முழுக்க அதை ஏற்றாவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்வதாக மேனேஜர் சொல்லிவிட்டார். உன் அத்தான் எதையும் முதலில் வீட்டில்தான் சோதிப்பார், தெரியுமே. அதற்காகவே வீட்டுக்கு யார் வந்தாலும், தண்ணீர் கொடுப்பதற்கு முன் அவர்கள் மெஷினை வாங்கி "சொந்தக்காரங்க" என்ற குழுவில் சேர்த்துவிடுவார். இந்த மருந்தையும் முதலில் அந்தக் குழுவுக்குத்தான் அனுப்பினார். வீட்டுக் கணக்கை நான் பாதி போட்டிருக்கும்போது திரை கறுத்து, "உங்கள் நிர்வாகியை அணுகவும்" என்று வந்தது. நிர்வாகி சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க, தொறந்து விடுங்க."

"முறைப்படி புகார் போடு, பாக்குறேன்."

"புகார் போட கம்ப்யூட்டர் வேணுமே?"

"அதுக்கு ஒரு புகார் போடு."

"அப்பா, ஓட்டைய அடைக்கச் சொன்னா வாசலையே அடச்சிட்டீங்க!" என்று மகள் சிரித்தாள். சிரித்து முடிப்பதற்குள் அவள் போன் பூட்டிக்கொண்டது, பிறகு என்னுடையது, பிறகு அவருடையது. அப்போதுதான் மனுஷருக்கு முகம் வெளுத்தது. இதை ஆபீஸுக்கு அனுப்பினாலும் வேலை போகும், அனுப்பாவிட்டாலும் போகும். எழுந்திருக்கிறார், உட்கார்கிறார், பிரிட்ஜைத் திறந்து பார்த்து ஒன்றும் எடுக்காமல் மூடுகிறார். நானும் சாமியிடம் முறையிட்டேன். சாமிக்கு இந்த மென்பொருள் பழக்கமில்லை போலிருக்கு. "பதறாதீங்க, என் தம்பி ஆபீஸ்ல செஞ்சதுதானே, அவனையே கேப்போம்"னு சொல்லி உட்கார வச்சிருக்கேன். போன் இல்லாததால் பேப்பரில் எழுதிக் கூரியரில் விடுகிறேன். எங்கே தப்பு என்று ஒரே ஒரு வரி சொல்லுடா, கண்ணு.

சாமி உன் வேலையையும் கண்ணையும் காப்பாற்றட்டும். நேரத்துக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
அக்கா

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் அத்தானே கண்டுபிடித்துவிட்டார். எல்லாவற்றையும் ஆட்டிவைக்கிற தலைமை மெஷினான சர்வருக்கு மருந்து கொடுத்த பிறகுதான் மற்ற மெஷின்களுக்குக் கொடுக்க வேண்டுமாம். இவர் தலைகீழாகச் செய்திருக்கிறார். ஆபீஸுக்கே ஓடிப்போய் முழுக்க ஏற்றிவிட்டு வந்தார், வேலை பிழைத்தது, எங்கள் பூட்டையும் அவரே ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டார். ஆகவே மேலே எழுதியதை மறந்துவிடு. ஒன்றே ஒன்று: அந்தக் கோளாறு மருந்து "சொந்தக்காரங்க" எல்லாருக்கும் போயிருக்கிறது. போன மாதம் நீ வந்தபோது உன் ஆபீஸ் லேப்டாப்பையும் போனையும் வாங்கிச் சேர்த்திருக்கிறார். உனக்குப் போன் அடித்தேன், போகவில்லை. திறந்து விடச் சொன்னால், உன்னிடமிருந்து முறைப்படி புகார் வர வேண்டும் என்கிறார். பேப்பரில் எழுதினாலும் போதுமாம். சீக்கிரம் பதில் போடு.